பன்னிரண்டு பாட்டில்களும் ஒரு குழாயும்

அந்த ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டும். கதவில் சிவப்பு எழுத்தில் ‘மாதிரிகள் மட்டும்’ என்று ஒட்டியிருக்கும். உள்ளே மேல்தட்டில் ஊர்த் தண்ணீர் பாட்டில்கள். கீழ்த்தட்டில் அதிகாரியின் சாப்பாட்டு டப்பா, அவருடைய கண் மருந்து, யாரோ பாதி கடித்து வைத்த ஆப்பிள். ஆப்பிள் போன மாதத்தது. கடித்த இடம் காய்ந்து கறுத்து, பல் வரிசை அச்சு எடுத்தது போல அப்படியே இருந்தது. யாரும் அதை எடுத்துப் போடவில்லை. எடுத்துப் போடுவது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் எழுதவில்லையே!

குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக அவள் பரிசோதகர். அலுவலகத்தில் ‘மூக்கு மேடம்’ என்று பெயர். யாராவது தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டினால், பாட்டில் மூடியைத் திருகி ஒருமுறை மோந்தால் போதும், இது துருப்பிடித்த குழாய்த் தண்ணீர், இது பாசி பிடித்த தொட்டித் தண்ணீர், இது சாக்கடைக்குப் பக்கத்தில் போகும் குழாய் என்று சொல்லிவிடுவாள். கேலியாக வைத்த பெயர் நாளடைவில் மரியாதையாகவே ஆகிவிட்டது. ஆனால் இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்தில் காலம் தள்ளுவது என்ன கொடுமை என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். கழிப்பறை நாற்றத்தின் மேல் பினாயில் நாற்றம், நனைந்த பதிவேடுகளின் பூஞ்சை நாற்றம், பக்கத்து மேஜைக்காரர் காலடியில் கழற்றிப் போடும் சாக்ஸ். அதிகாரியோ குண்டூசியால் காதைக் குடைந்துகொண்டேதான் பேசுவார். குடைந்து முடித்ததும் அதே குண்டூசியை அறிக்கையில் குத்தி மேலிடத்துக்கு அனுப்பிவைப்பார். அதைப் பிரித்துப் படிக்கப்போகும் ஆளை நினைத்து அவள் பலமுறை பரிதாபப்பட்டிருக்கிறாள்.

இதெல்லாம் மூக்குக்கு. மனசைக் குமட்டியது வேறு.

ஊரைப் பன்னிரண்டு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வரவேண்டும். அதற்கென்று ஓர் ஆள் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாட்டில் அண்ணன். அவருக்கென்று ஒரு வேனும் இருந்தது. அவள் வேலைக்குச் சேரும் முன்பே வேன் ஆறு வருடம் ஓடி, அப்புறம் டயரை இழந்து, செங்கல் மேல் உட்கார்ந்து, இப்போது உள்ளே பூனை குட்டி போடுகிறது. ஆகையால் பாட்டில் அண்ணன் பின்பக்கம் பம்ப் அறைக்கு வெளியே இருக்கும் குழாயடிக்குப் போவார். சுத்திகரித்த தண்ணீர் நேராக வந்து விழும் குழாய் அது. ஊரிலேயே உசத்தியான தண்ணீர். படியில் சாவகாசமாக உட்கார்ந்து பன்னிரண்டு பாட்டிலையும் அதிலேயே பிடிப்பார். முத்து முத்தான கையெழுத்தில் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று சீட்டு எழுதி ஒட்டுவார். கால் மணி நேர வேலை. அப்புறம் டீக்கடை.

அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு மூடியைத் திறந்தாள், பன்னிரண்டும் ஒரே வாசனை.

“அண்ணே, இது எல்லாமே நம்ம பம்ப் ரூம் தண்ணி மாதிரியில்ல இருக்கு?” என்று கேட்டாள்.

“வண்டி இல்ல மேடம். பஸ்ல பன்னிரண்டு பாட்டிலோட ஏறினா கண்டக்டர் என்னைக் கள்ளச்சாராயக்காரன்னு நினைக்கிறான்” என்றார் அவர்.

அதிகாரியிடம் போனாள். அவர் குண்டூசியைக் காதிலிருந்து எடுக்காமலே, “நம்ம தண்ணி நல்ல தண்ணிதானேம்மா? அப்புறம் எங்க பிடிச்சா என்ன?” என்றார்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அளந்தால், ஒரே குழாய் ஆயிற்றே, பன்னிரண்டு கட்டத்திலும் பூஜ்யம் புள்ளி நான்கு, பூஜ்யம் புள்ளி நான்கு என்று வந்தது. அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, ரப்பர் ஸ்டாம்பு குத்தின மாதிரி? கொஞ்சம் முன்னப் பின்ன போடும்மா. தணிக்கைல கேள்வி வரும்” என்றார். அவள் முன்னே பின்னே போட்டாள். மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து, நான்கு, மூன்று. முதல் மாதம் கை கூசியது. மூன்றாம் மாதம் கூசவில்லை. பிறகு தலை பின்னுவது போல அதுவாகவே வந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மாதக் கடைசியில் அலுப்பு தட்டினால் எல்லாவற்றுக்கும் ஒரு புள்ளி கூட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். ‘மணம்’ என்ற கட்டத்தில் ‘ஏற்கத்தக்கது’, ‘ஏற்கத்தகாதது’ என்று இரண்டு அச்சடித்திருக்கும். ஊரே மெச்சும் அந்த மூக்கு, பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட இரண்டாவதைத் தொட்டதில்லை.

வீட்டில் மட்டும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பாள். கல்யாணமான புதிதில் கணவர் கேட்டார், “நல்ல தண்ணின்னு நீதானே கையெழுத்துப் போடுற, அப்புறம் எதுக்கு இத்தன நேரம் கொதிக்க வைக்கிற?” என்று. “பழக்கமாயிடுச்சுங்க” என்றாள். அவரும் மேலே கேட்கவில்லை. அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர்; நேரத்தைத் தவிர வேறு எதையும் சந்தேகப்படாத மனிதர். டிப்போவில் மனைவியைப் பற்றி ஓயாமல் பீற்றிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். என்ன சொல்லிப் பீற்றிக்கொள்கிறார் என்று கேட்டதில்லை.

இப்படியிருக்கையில்தான் அந்தத் தம்பி வந்தான். முப்பது வயது இருக்கும், காலரில்லாத டீ ஷர்ட், முதுகில் பை. ‘கம்பெனி தொடங்கியிருக்கேன்’ என்று அதிகாரியைப் பார்க்க வந்தவன், அவளுடைய மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான். பேனா மாதிரி ஒரு கருவியைக் காட்டினான். அதைத் தண்ணீரில் முக்கினால் விளக்கு எரியும். பச்சை என்றால் குடிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது.

“ஒவ்வொரு வீட்லயும் ஒரு மூக்கு மேடம் இருக்கணும். அதான் மேடம் எங்க கனவு” என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. தன் கம்பெனியில் வந்து சேரச் சொன்னான். தர உறுதித் தலைவர் என்று பதவி, தனியாக ஆய்வுக்கூடம், ஓடுகிற வண்டி. “வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்து பாருங்க மேடம். பார்த்துட்டு முடிவைச் சொல்லுங்க.”

அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பைக்குள் போட்டுவிட்டாள். மூன்றே வரி. எழுதும்போது கிடைத்த சுகம், சேற்றில் நடந்து வந்து காலைக் கழுவிய சுகம்.

கணவர்தான் இழுத்தார். “நீ சொல்றது புரியுதும்மா. ஆனா இன்னும் பதினோரு வருஷ சர்வீஸ் இருக்கு. அந்தக் கம்பெனி அடுத்த வருஷம் இருக்குமா?”

“இல்லாட்டிப் போகட்டும். இந்த நாத்தத்துல இன்னும் பதினோரு வருஷமா? என்னால முடியாதுங்க.”

“எந்த ஆபீஸ் நாறல சொல்லு. எங்க டிப்போல வந்து பாரு.”

“உங்களுக்கு மூக்கு இல்ல. நீங்க பேசாதீங்க.”

வேலையை விடுவதா வேண்டாமா என்று அந்த வாரம் முழுவதும் வீட்டில் இதே பல்லவிதான்.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. நல்லதை எதிர்பார்த்துப் போனவளுக்கு வாசலிலேயே முகம் சுளித்தது. ரப்பர் நாற்றம் ஒரு பக்கம், கழற்றிப் போட்ட இருபது ஜோடி ஷூவின் நாற்றம் ஒரு பக்கம். தண்ணீர்க் கம்பெனியின் கை கழுவும் தொட்டியில் யாருடையதோ தாடி மயிர் அடைத்துக்கொண்டு நின்றது. கழுவாத காப்பிக் கோப்பைகளில் பூஞ்சை மெத்தை மெத்தையாகப் பூத்திருந்தது. அதற்கு நேர்மேலே சுவரில் ஆள் உயர எழுத்தில், ‘உண்மையைக் குடியுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். முதலில் கோப்பையைக் கழுவுங்களடா என்று சொல்ல வாய்வரை வந்தது.

ஆனாலும் மனசை அடக்கிக்கொண்டாள். பிள்ளைகள் சோம்பேறிகளாக இருக்கலாம், பொய்யர்கள் இல்லையே! அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிடலாம்.

அவன் அவளை ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்தான். பேனா எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினான். பேனா தானாக அளப்பது தண்ணீரின் உப்பையும் சூட்டையும் மட்டும்தானாம். மிச்சத்தை, எந்தப் பகுதி, எந்த மாதம் என்று பார்த்துக் கம்ப்யூட்டர் கணித்துவிடுமாம்.

“எதை வச்சுக் கணிக்கும் தம்பி?”

“உங்களை வச்சுத்தான் மேடம்!” என்றான் அவன் சந்தோஷமாக. “வாரியம் எல்லாப் பதிவேட்டையும் படமெடுத்து இணையத்துல போட்டிருக்கே. பத்தொன்பது வருஷம், பன்னிரண்டு பகுதி, ஒரு வாரம்கூட விடல. இப்படி ஒரு சுத்தமான பதிவு உலகத்துலயே கிடைக்காது. எங்க கம்ப்யூட்டர் படிச்ச பாடமே நீங்க எழுதினதுதான்.”

“நான் எழுதினதா?” என்றாள் அவள்.

“இதப் பாருங்க, இதத்தான் நான் காட்டணும்னு நினைச்சேன்” என்று அவன் ஒரு கோட்டைத் திரையில் கொண்டுவந்தான். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அலை அலையாக ஓடியது. “குளோரின் அளவு. மூணு வாரத்துக்கு ஏறுது, மூணு வாரத்துக்கு இறங்குது. மாசக் கடைசில எல்லாப் பகுதியிலயும் ஒண்ணா ஒரு குதி குதிக்குது. எந்தப் புஸ்தகத்துலயும் இது இல்ல மேடம். நாங்கதான் கண்டுபிடிச்சோம். குழாய் மூச்சு விடுதுன்னு பேர் வச்சிருக்கோம்.”

குழாயாவது, மூச்சாவது! அது அவள் கை. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து, நான்கு, மூன்று. அந்தக் குதி அவளுடைய மாதக் கடைசி அலுப்பு. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் போட்ட ஒரு புள்ளி. அதற்குப் பெயர் வைத்து, படம் வரைந்து, சட்டம் போட்டுச் சுவரில் வேறு மாட்டியிருந்தார்கள்.

“இந்தப் பேனா எங்கயாவது சிவப்பு காட்டியிருக்கா தம்பி?”

“இதுவரைக்கும் இல்ல மேடம். நம்ம ஊர்த் தண்ணி அவ்வளவு நல்ல தண்ணி” என்றான். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான், “எங்க வீட்ல இப்ப காய்ச்சறதையே விட்டுட்டோம். பாப்பாவுக்கு எட்டு மாசம். அவளுக்கும் நேராக் குழாய்த் தண்ணிதான். சொந்தக் கருவிய நாமளே நம்பலன்னா எப்படி?”

இவ்வளவு நாளும் அவள் அருவருத்தது பிறத்தியாரை. குண்டூசிக்காரரை, சாக்ஸ்காரரை, படியில் உட்கார்ந்து பாட்டில் நிரப்புகிறவரை. அந்த நிமிடம் குமட்டியது அவளையே நினைத்து. எழுந்து அந்தத் தாடி மயிர்த் தொட்டிக்குப் போய் ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, உடனே வீட்டுக்குப் போன் போடுங்க. பாப்பாவுக்குத் தண்ணியக் காய்ச்சிக் குடுக்கச் சொல்லுங்க” என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வேன், பம்ப் அறைக் குழாய், பன்னிரண்டு சீட்டு, முன்னே பின்னே. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு முகம் வெளிறிப் போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். “கொட்டிடு, எல்லாத்தையும் கொட்டிடு. பாப்பாவோட சிப்பர் பாட்டில்ல இருக்கிறதையும்” என்று கத்துவது உள்ளே கேட்டது. அவன் கண்கலங்கித் திரும்பி வருவான், தன்னைத் திட்டுவான், திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று அவள் தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

பத்து நிமிடம் கழித்து வந்தான். முகம் கழுவியிருந்தான். கதவைச் சாத்தினான்.

“மேடம், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அடுத்த மாசம் கருவி கடைக்கு வருது. எல்லாம் அச்சடிச்சாச்சு. நீங்க வந்து சேர்ந்துடுங்க. உங்க கையெழுத்து இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அப்புறமா மெதுவா ஒவ்வொண்ணாச் சரி பண்ணிக்கலாம்.”

“அதுவரைக்கும் வாங்குறவங்க குடிக்கிற தண்ணி?”

“இவ்வளவு நாளா குடிச்சிட்டுத்தானே இருக்காங்க, ஒண்ணும் ஆகலையே மேடம்?”

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் வீட்டுக்குக் காய்ச்சிய தண்ணீர், ஊருக்குப் பச்சை விளக்கு. இதே காரியத்தைக் கூசாமல் செய்ய அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. இவனுக்குப் பத்து நிமிடம். கெட்டிக்காரப் பிள்ளை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். தூ!

“நான் வரல தம்பி” என்று எழுந்தாள். “அந்தத் தொட்டில மயிர் அடைச்சிருக்கு. அதையாவது எடுத்துப் போடுங்க.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில்தான் இருந்தாள். “என்ன முடிவு பண்ணின, இங்கயா அங்கயா?” என்று கணவர் இரண்டு தடவை கேட்டார். அவள் அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரிடம் சொல்லத்தான் நினைத்தாள். டைம் கீப்பரின் அந்த வெள்ளந்தி முகத்தைப் பார்த்து எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அதிகாரியின் மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தாள். மூன்று வரி ராஜினாமா இல்லை அது. நான்கு பக்கம். பதிவேடுகள் எழுதப்பட்ட விதம், வருடவாரியாக, கீழே அவள் கையெழுத்து. அதன் இன்னொரு படியை வாரியத் தலைவருக்கு அப்போதுதான் தபாலில் சேர்த்துவிட்டு வந்திருந்தாள்.

அவர் படிக்கப் படிக்கக் குண்டூசி காதிலேயே நின்றுவிட்டது. “உனக்கென்ன பைத்தியமாம்மா? வேலை போயிடும். பென்ஷன் போயிடும். பேசாம ராஜினாமா பண்ணிட்டு அந்தக் கம்பெனிக்குப் போயிருக்கலாமே, யாரு வேண்டாம்னா?”

“அங்கயும் இதே வேலைதான் சார்.”

“என்னையும் சேத்து மாட்டி விட்டியேம்மா!”

“ஆமா சார்” என்றாள்.

பின்பக்கம் போனாள். பாட்டில் அண்ணன் படியில் உட்கார்ந்து ஆறு பாட்டில் நிரப்பி முடித்திருந்தார். ஏழாவதை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பகுதி ஏழுக்கென்று பதிவேட்டில் எழுதியிருந்த தெருக்குழாய், டிப்போ மதிலை ஒட்டி இருந்தது. பத்தொன்பது வருடமாகத் தன் கையாலேயே அந்த முகவரியை எழுதியிருக்கிறாள். கணவரின் டிப்போ என்று தெரியும். ஆனால் அந்தக் குழாயைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

குழாயடியில் நாலைந்து டிரைவர்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேனில் பிடித்து அண்ணாந்து குடித்தார். அவள் ஆய்வுக்கூடத்துப் பாட்டிலோடு தயங்கி நிற்பதைப் பார்த்து, “பிடிச்சுக்கங்கம்மா, நல்ல தண்ணி. எங்க டைம் கீப்பர் வீட்டம்மாவே சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட தண்ணி இது. அந்தம்மா மூக்குல ஒண்ணும் தப்பாது. தைரியமாக் குடிக்கச் சொல்லியிருக்காரு” என்றார்.

அவள் பாட்டிலை நிரப்பினாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே தேவையிருக்கவில்லை. அழுகிய முட்டை, அதற்கடியில் சாக்கடை. மெல்லிய நாற்றம்தான், தினம் குடிப்பவர்களுக்குப் பழகியிருக்கும்.

“குடிக்காதீங்க” என்றாள். மறுபடி சத்தமாகச் சொன்னாள். “யாரும் இதக் குடிக்காதீங்க. சாக்கடை கலந்திருக்கு.”

“நீங்க யாரும்மா அதச் சொல்ல?”

“அந்தம்மா நான்தான்.”

சத்தம் கேட்டு டைம் கீப்பர் அறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கணவர் வெளியே வந்தார். கையில் பஸ் நேரம் எழுதும் சாக்பீஸ். “நீ எங்கம்மா இங்க?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

அத்தனை பேர் முன்னால் அவள் சொன்னாள். “இந்தக் குழாய்த் தண்ணிய நான் ஒருநாளும் சோதிச்சதில்லங்க. பொய்யா எழுதினேன். பத்தொன்பது வருஷமா.”

கேன் பிடித்த டிரைவர் கேனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். போன வருடம் மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்திருந்தேன் என்று யாரோ பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

கணவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “அதான் வீட்ல காய்ச்சினியா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாங்க.”

அவர் குழாயை இறுக்கி மூடினார். மதிலில் பெரிய எழுத்தில் ‘குடிக்காதீர்கள்’ என்று எழுதினார். நேரப் பலகையில் எழுதும் அதே ஒழுங்கான எழுத்து. எழுதி முடித்துவிட்டுச் சாக்பீஸை அவளிடம் நீட்டினார்.

“கீழ கையெழுத்துப் போடு” என்றார்.

அவள் வாங்கிப் போட்டாள். டிரைவர் கேனைக் கவிழ்த்தார். தண்ணீர் மதிலோரமாக ஓடி அவள் காலை நனைத்தது.